மனசுக்கும் ஒரு ஒப்புகைச் சீட்டு: கெட்ட நினைப்பு விடாமல் சுற்றுகிறவர்களுக்கு

வலங்கைமானை ஒட்டிய ஒரு ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று, பயிர்க் காப்பீடு என்று எதற்கு வந்தாலும், என்னென்ன கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, எங்கே பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பேன். ஊரில் பாதிப் பேர் வீட்டில் என் கையெழுத்து இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் அப்பா இறந்தார். காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய், மழையும் விட்ட பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, நீ எதற்கும் லாயக்கில்லை, கடையும் போகப்போகிறது என்று ஒரே பல்லவி. எட்டு மாதம் தப்பான இடங்களில் அலைந்து பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல் விட்ட பிறகுதான் ஒரு வழி பிடிபட்டது. எனக்குத்தான் யாரும் துண்டுச்சீட்டு எழுதித் தரவில்லை, உங்களுக்காவது நான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. இன்னொன்று, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் உங்களுக்கு இப்போது ஓடிக்கொண்டிருந்தால் இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உடனே 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தனியாக இருக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். நம் பக்கத்தில் வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதை இன்றைக்கே வேறொருவர் பொறுப்பில், வேறு இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

தேவையானவை: இருபது ரூபாய்க்கு வாங்கிய எழுதும் நோட்டு ஒன்று, பேனா, சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டர், சாதாரண அலாரம் கடிகாரம் (செல்போன் அலாரம் வேண்டாம், ஏன் என்று கீழே), பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று. எல்லாம் சேர்த்து எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

1. முதலில் தேதி போடுங்கள்

தேதி இல்லாத மனு செல்லாது. எப்போது ஆரம்பித்தது என்று யோசித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் "அறுப்புக்கு அப்புறம்", "பொங்கலுக்கு முந்தி" என்று எழுதினாலும் போதும். பின்னால் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

சாவு, கடன், மழையில் சாய்ந்த நெல், கைகூடாத கல்யாணம், இதற்கெல்லாம் மனசு கனப்பது நோய் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இறங்கியே கிடக்கிறது, பிடித்த எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் பசி இரண்டும் கெட்டுவிட்டது, உட்கார்ந்த இடத்திலேயே களைப்பு என்றால் கீழே உள்ள பழக்கங்களோடு எட்டாவது படியையும் சேர்த்தே ஆரம்பியுங்கள். பழக்கங்களை முடித்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று தள்ளாதீர்கள், நான் தள்ளினேன்.

தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் சாயங்காலம் ஒரு எண் எழுதுங்கள். பூஜ்யம் என்றால் எழுந்திருக்கவே முடியவில்லை, பத்து என்றால் நன்றாக இருக்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் எழுதுவது முக்கியம். பலருக்குக் காலையில்தான் பாரம் அதிகம், ஒரு நாள் காலையிலும் மறுநாள் ராத்திரியிலும் எழுதினால் கணக்கு ஒட்டாது.

2. எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் பிடியுங்கள்

சீக்கிரம் படு என்று எல்லாரும் சொல்வார்கள். படுப்பது நம் கையில் இருக்கிறது, தூங்குவது இல்லை. எழுந்திருக்கும் நேரம்தான் நம் கையில் உள்ளது. ராத்திரி எவ்வளவு கெட்டிருந்தாலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். எனக்கு அது ஐந்தரை. எழுந்ததும் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நில்லுங்கள், முடிந்தால் இருபது நிமிஷம் நடங்கள். நான் குடமுருட்டிக் கரையில் நடக்கிறேன். ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் தண்ணீர் வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும், அதிலிருந்து தை மாதம் வரை ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அணை மூடிய பிறகு ஆற்றுக்குள்ளேயே இறங்கி மணலில் நடப்பேன், கிரிக்கெட் ஆடும் பையன்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

காபி விஷயம். கும்பகோணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். குடித்த காபியின் வீரியத்தில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு டவராவில் ஆற்றிக் குடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு "தூக்கமே வரலையே" என்று நான் மாதக்கணக்கில் புலம்பியிருக்கிறேன். காலைக் காபியை யாரும் பிடுங்கவில்லை, அது இருக்கட்டும்.

மதியத் தூக்கம் அரை மணிக்குள்.

3. நினைப்புக்கு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள்

எனக்கு உண்மையில் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கடையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மனு கொடுக்க வருகிற ஆள் உள்ளே வரும்போது சத்தமாக இருப்பார். நம் பேச்சு அவர் காதில் ஏறாது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார். பதிவு செய்து எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்ததும் அடங்கிவிடுவார். அவர் வேலை இன்னும் ஒரு துளிகூட நடக்கவில்லை, ஆனாலும் நாற்காலியில் சாய்ந்து டீ கேட்பார். தன் பேச்சை ஒருவர் வாங்கிக்கொண்டார், இனி அதைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை என்பது அவருக்குப் போதும்.

நினைப்பும் அப்படித்தான். "யோசிக்காதே" என்று விரட்டினால் கவுண்டரை விட்டு நகராது, இன்னும் கத்தும். வாதாடினாலும் கத்தும். நான் செய்வதை அப்படியே தருகிறேன்.

நினைப்பு வந்ததும் நோட்டில் அது சொன்ன வார்த்தையிலேயே ஒரு வரி எழுதுகிறேன். "நீ அப்பாவைக் கொன்றுவிட்டாய்" என்று அது சொன்னால் அப்படியேதான் எழுதுவேன், நயமாக மாற்ற மாட்டேன். பக்கத்தில் தேதி, நேரம், ஒரு வரிசை எண். கீழே "பெறப்பட்டது" என்று போட்டு நோட்டை மூடிவிடுவேன். அவ்வளவுதான். பெறப்பட்டது வேறு, ஒப்புதல் அளிக்கப்பட்டது வேறு. நினைப்பு வந்ததாலேயே அது உண்மையாகிவிடாது. வாங்கி வைத்திருக்கிறோம், விசாரணை சாயங்காலம்.

சாயங்காலம் பதினைந்து நிமிஷம் அதற்கென்று ஒதுக்குங்கள். ஆறு மணி நல்ல நேரம், படுக்கப்போகும் நேரம் மட்டும் கூடாது. நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு ஆதாரம் என்ன? எதிராக ஆதாரம் என்ன? இதே வார்த்தையை என் தம்பி வந்து சொன்னால் அவனுக்கு என்ன பதில் சொல்வேன்? மூன்றாவது கேள்விதான் வேலை செய்யும். முதல் நாள் நான் எழுதிய பதில்: "டேய், நீ மாதம் இரண்டு தடவை அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன ஆள் இல்லையா, வாரம் இரண்டு தடவை என்று டாக்டர் சொன்ன பிறகு வாரம் இரண்டு தடவையும் போனாய்." எழுதிவிட்டுக் கடை ஷட்டரை இறக்கி அழுதேன். அது நல்ல அழுகை.

எழுதும்போது பாதி வரிகள் வெறும் கவலையாக இருக்கும், கடன் தவணை, மகள் பள்ளிக் கட்டணம் என்று. அதற்கு வாதம் தேவையில்லை, நாளைக்கு எடுத்து வைக்கக்கூடிய ஒரு அடி என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். "திங்கள்கிழமை சங்கத்தில் தவணை கேட்பது." போதும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. பதினைந்து நிமிஷத்தைத் தாண்டினால் எழுதுவது அசைபோடுவதாக மாறிவிடும், அதற்காகத்தான் அலாரம் கடிகாரம். படுக்கையில் எழுதினால் படுக்கையே விசாரணை அறையாகிவிடும். செல்போனில் எழுதினால் எழுதப் போன இடத்தில் வாட்ஸ்அப் திறந்து யாரோ வாங்கிய புதுக் காரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நோட்டு வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாது என்றால் பழைய வரவு செலவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அதை யாரும் திறப்பதில்லை, எனக்குத் தெரியும்.

4. மூன்று மணிக்கு விழித்தால்

மணி பார்க்காதீர்கள். பார்த்தால் "இன்னும் இரண்டரை மணி நேரம்தான்" என்று கணக்கு ஓட ஆரம்பிக்கும். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், சூடான பாலை ஊதுகிற மாதிரி. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். ஐந்து நிமிஷம் செய்யுங்கள். தலை சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் அடங்காவிட்டால் காதைத் திறந்து வையுங்கள். எங்கேயோ மோட்டார் ஓடுகிறது, மழைக்காலமானால் தவளை, தூரத்தில் ரயில், ஃபேன் ரெக்கை உரசும் சத்தம். ஐந்து சத்தத்துக்குப் பெயர் சொல்லுங்கள். அப்புறம் உடம்பில் படுகிற நான்கு பொருள். பாய், தலையணை, வேட்டி, காற்று. மனசு அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இந்த அறைக்குத் திரும்பி வர இது பாலம்.

இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். போன் வேண்டாம்.

5. ஒரு சின்ன வேலை, அதில் பாதி

மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. வேலை முன்னால் போகும், மனசு பின்னால் வரும். ஆனால் வேலை அசட்டுத்தனமாகத் தோன்றும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். வீடு முழுக்க ஒட்டடை அடிப்பது இல்லை, ஒரு ஜன்னல். குளிப்பதே மலையாக இருக்கும் நாளில் முகம் கழுவி வேறு சட்டை போடுவது. இரண்டு வாரம் இதைச் செய்தபின் ஒரு நாள் கொல்லையில் வாழைக்குப் பாத்தி கட்டினேன், முடிக்கவில்லை. பாதிப் பாத்தியும் பாத்திதான்.

6. ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

ஊருக்கே சொல்ல வேண்டாம். யாரிடம் சொன்னால் அன்று சாயங்காலம் டீக்கடைக்கு வராதோ அவரிடம் சொல்லுங்கள். எனக்கு அக்கா. சொல்வதற்கு வார்த்தை வராது, அதனால் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "அக்கா, கொஞ்ச நாளா எனக்கு மனசு சரியில்ல. நீ எதுவும் செய்ய வேணாம், வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி எப்படி இருக்கேன்னு மட்டும் கேளு." என்ன வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் அவர்கள் பயந்துபோய் அறிவுரையாகக் கொட்டுவார்கள்.

"உனக்கு என்னடா குறை" என்பது கட்டாயம் ஒருவர் வாயிலிருந்தாவது வரும். என் சித்தப்பா சொன்னார். கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பே போனவன்கூட எழுந்து நின்றான் என்றார். நியாயந்தான், ஆனால் எழுந்து நின்றவர்கள் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று அவர் கேட்டிருக்க மாட்டார். பதில் பேசாமல் "சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரோடு சண்டை போடுகிற தெம்பை நடைக்கு வைத்துக்கொண்டேன்.

7. காசு போகும் ஓட்டைகள்

என் பதினாலாயிரம் போன வழி இது.

ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே தூக்க மாத்திரை கொடுத்தார்கள், காசு அதிகமில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அது இல்லாமல் கண் மூடவில்லை. அந்த வகை மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.

பரிகாரத்துக்கு ஏழாயிரம். திருவிடைமருதூருக்குப் போனேன், ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியேறி, பின்னால் வருவதை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்தது உண்மையிலேயே ஒரு நாள் முழுக்க இதமாக இருந்தது. கோயிலைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் போகிறேன். பஸ் காசும் அர்ச்சனைச் சீட்டும்தான் செலவு. ஏழாயிரம் வாங்கியது கோயில் இல்லை, இடையில் புகுந்த ஒரு ஆள். "இன்னும் மூன்று அமாவாசை" என்று தவணை போட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

மீதி, போனில் கவுன்சலிங் என்று முன்பணம் கட்டிய ஐந்து தடவை. பேசியவர் என்ன படித்தார் என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். போன்ற மேற்படிப்பு படித்திருப்பார். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் வைத்திருப்பார். கேட்டால் கோபப்படுகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

குடியைப் பற்றி ஒரு வரி: அது தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துச் சரியாக அந்த மூன்று மணிக்கே எழுப்பிவிடும்.

8. ஆஸ்பத்திரிக்குப் போவது

தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தஞ்சாவூர்க்காரர்கள் அல்லாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஊருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனை வேறு, மெடிக்கல் காலேஜ் வேறு. பஸ்ஸில் "மெடிக்கல்" என்று கேட்டு ஏறுங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் "மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருவார்" என்று கேளுங்கள், குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். அந்தக் கிழமை தெரியாமல் போனால் ஒரு நாள் வீண்.

ஆவணம்: ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், கேட்காவிட்டால் நல்லது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, சர்க்கரை, பிரஷர் மாத்திரை உட்பட. பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். காலண்டர் எண்கள், நோட்டின் முதல் பக்கம். எல்லாவற்றையும் ஃபைலில் போடுங்கள். உள்ளே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும், அப்போது அந்தப் பக்கத்தை நீட்டினால் போதும். நான் அப்படித்தான் நீட்டினேன், டாக்டர் படித்துவிட்டு "தம்பி, இவ்வளவு நாள் தனியாவா சுமந்தீங்க?" என்றார்.

நேரம்: புறநோயாளி பிரிவு காலையில்தான், மதியம் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்குள் சீட்டு வரிசையில் நில்லுங்கள். திங்கள்கிழமை கூட்டம் அதிகம். எனக்கு முதல் தடவை மொத்தம் மூன்று மணி நேரம் ஆனது, டாக்டரோடு பேசியது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஒரு நாள் விடுப்புப் போட்டு, டிபன் கட்டிக்கொண்டு போங்கள்.

செலவு: சீட்டு, பார்வை, மருந்து எல்லாம் இலவசம். எனக்கு ஆனது பஸ் காசு மட்டும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் அதுவும் இல்லை. தனியாரிடம் நான் ஒரு தடவை காட்டியபோது ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள், மருந்து தனி.

தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, பி12 பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். மனசு என்று நினைத்தது சில சமயம் தைராய்டாக இருக்கும், என் அத்தை ஒருத்திக்கு அப்படித்தான்.

மருந்து எழுதினால் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆரம்பத்தில் குமட்டலோ தலைவலியோ வந்து போகலாம். பத்தாம் நாள் "ஒண்ணும் கேட்கலை" என்று நிறுத்துகிறவர்களும், மூன்றாம் மாதம் "எனக்குச் சரியாயிடுச்சு" என்று நிறுத்துகிறவர்களும் ஒரே குழியில் விழுகிறார்கள். நிறுத்துவதும் டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். மாத்திரை தீர்வதற்கு மூன்று நாள் முன்பே அடுத்த பயணத்தைக் காலண்டரில் குறியுங்கள்.

"மென்ட்டல் என்று பதிவாகிவிடுமா?" என்று கடைக்கு வந்து காதோடு கேட்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உங்கள் முதலாளிக்கோ சம்பந்தி வீட்டுக்கோ அதை யாரும் கொடுக்க முடியாது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் மற்ற நோய்களைப் போலவே மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாலிசி இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

9. திரும்ப வந்தால்

வரும். எனக்குப் போன வருஷம் வந்தது, ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள். பழைய எண்கள் இருந்ததால் நான்கு நாளிலேயே கண்டுபிடித்துவிட்டேன், முதல் தடவை எட்டு மாதம் ஆனது. இந்த வருஷக் காலண்டரில் இப்போதே குறித்தாயிற்று: அப்பா திவசத்துக்கு முந்தின வாரம் கடை ஆறு மணிக்கு மூடப்படும், பயிர்க் காப்பீட்டுக் கூட்டம் எவ்வளவு இருந்தாலும். அக்கா இரண்டு நாள் வந்து தங்குவாள். ஃபைல் பீரோவின் மேல்தட்டில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.